ஆரோக்கியம் சமைத்த உருளைக்கிழங்கு

வீட்டில் புதிதாக நான்ஸ்டிக் சட்டி வாங்கியிருக்கிறார்கள். எதுவும் ஒட்டாதாம். அடியில் ஒட்டி முறுகாத உருளைக்கிழங்கைத் தின்பதற்கு மாத்திரை விழுங்கலாம், நீங்களே சொல்லுங்கள். இன்று காலை ஐப்பசி மழையைப் பார்த்துக்கொண்டே அதைத்தான் தின்றேன். பழைய சிநேகிதன் ஆரோக்கியத்தின் ஞாபகம் வந்துவிட்டது.

தொண்ணூறுகளின் கடைசியில் வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் நானும் அவனும் ஃபிட்டர்கள். ஒரே அறை. மழைக்காலத்தில் விடியும்போதே பசிக்கும். மில் பஸ் வருவதற்குள் இருப்புச்சட்டியில் உருளைக்கிழங்கு, சின்ன வெங்காயம், முந்தின நாள் இட்லி எல்லாவற்றையும் போட்டுப் பிரட்டி, மேலே முட்டையை உடைத்து ஊற்றுவேன். அதற்குப் பெயரெல்லாம் கிடையாது. சமைப்பது நான். சாப்பிடுவதும் குறை சொல்வதும் அவன்.

மில்லில் நூல் சுற்றும் பிரிவில் இருந்த ஸ்டெல்லாவைத்தான் கட்டுவேன் என்று நின்றான். அவள் அப்பா பிடி கொடுக்கவில்லை. ஒரு நாள் காலையில் மாப்பிள்ளை பிழைக்கிற லட்சணத்தைப் பார்க்க, சொல்லாமல் கொள்ளாமல் குடையோடு வந்து நின்றார். இவன் பாயை உதறி விரித்தான். நான் ஒரு தட்டில் வைத்து நீட்டினேன். மிச்சம் வைக்காமல் தின்றார். சட்டியை இழுத்து அடியையும் சுரண்டினார்.

"யாருப்பா செஞ்சது?"

"இவன்தாங்கய்யா" என்றேன். வாய் முந்திக்கொண்டது.

ஆரோக்கியம் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! அவனுக்கு ஸ்டவ் பற்றவைக்கத் தெரியாது.

"எம் மகளுக்கு வெந்நி வைக்கத் தெரியாதுப்பா. அம்புட்டு செல்லம். அதான் யோசிச்சேன்" என்றார். "ஃபாதரப் பாத்து நாள் குறிச்சிருவோம்."

கல்யாணம் முடிந்து திண்டுக்கல்லில் குடிபோனார்கள். ஞாயிறுதோறும் என் அறைக்குக் கீழே டீக்கடைக்குப் போன் வரும். பூத்திலிருந்து ரகசியக் குரலில் பேசுவான்.

"ஏலே, கெழங்கு மொதல்லயா, இட்லி மொதல்லயா? மாமா சாப்பிட வாராருடா!"

"கெழங்குடா."

மறுவாரமும் அதே கேள்வி. தலையில் அடித்துக்கொள்வேன். ஆனாலும் ஞாயிறு காலை ஆறு மணிக்கே டீக்கடையில் போய் உட்கார்ந்திருப்பேன்.

சில வருடம் கழித்து ஒரு மழைக்காலத்தில் போன் வரவில்லை. அடுத்த வாரமும் இல்லை. மேலுக்கு முடியவில்லையோ என்று பயந்து பஸ் ஏறிப் போனேன். மாமனாரோடு மூன்று பேருமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கும் ஒரு தட்டு வந்தது. கிழங்கு பதமாக முறுகியிருந்தது. உப்பு சரி. என்னுடையதைவிட நன்றாகவே இருந்தது.

"எப்டிடா இருக்கு?"

"இருக்கு" என்றேன். வயிறு எரிந்தது. மிளகாயால் இல்லை.

மில்லை மூடிவிட்டார்கள். டீக்கடை இருந்த இடத்தில் செல்போன் விற்கிறார்கள். இப்போது அவன் நம்பர் என்னிடம் இருக்கிறது, என் நம்பர் அவனிடம் இருக்கிறது. பாவி, என்னிடம் கேட்பதற்குத்தான் அவனுக்கு ஒன்றும் மிச்சமில்லை.