அண்ணாவின் கதைக்கிற குழல்

அண்ணா மறைந்த முப்பத்தோராம் நாளில் இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவுகளே, நண்பர்களே, அவரைப் பற்றிச் சொல்லவும் என் பிழை ஒன்றை ஒப்புக்கொள்ளவும் தங்கை நான் எழுதுகிறேன்.

அண்ணா சாவகச்சேரியில் பிறந்தவர். போரில் எங்கள் வீடு எரிந்தபோது அணைக்க ஒருவரும் வரவில்லை. வாளியோடு தனியே நின்றதை அவர் மறக்கவேயில்லை. ஒக்லாந்துக்கு வந்து, விரி என்ற புறநகரில் பண்டகசாலை வேலை, மாசி என்ற புறநகரில் வீடு, அம்மாவையும் என்னையும் கூப்பிட்டு எடுத்தது என்று எல்லாம் ஒழுங்கானதும், சம்பளமில்லாத தொண்டர் தீயணைப்பாளராகச் சேர்ந்தார். அழைப்பு வந்தால் சோற்றில் வைத்த கையை உதறிவிட்டு ஓடுவார். அம்மா முணுமுணுப்பார்.

பழம்பொருள் கடையொன்றில் அவர் வாங்கிவந்த பித்தளைக் குழலை நீங்கள் அறிவீர்கள். ரேடியோ இல்லாத காலத்தில் தொண்டர் படைத் தலைவர் அதன் ஒடுங்கிய முனையில் வாய் வைத்துக் கத்துவாராம்; தீயின் இரைச்சலையும் மீறி ஆட்களுக்குக் கேட்குமாம். நீங்களோ நாதஸ்வரம் என்று நினைத்து, ஒரு கல்யாணி வாசிக்கச் சொல்லுவீர்கள். இது ஊதுற குழலில்லை, கதைக்கிற குழல் என்று அண்ணாவும் சளைக்காமல் சொல்லுவார்.

அந்தக் குரல்தான் முதலில் போனது. தொண்டையில் புற்றுநோய். அம்மாவுக்குக் காது மந்தம், கண்ணும் மங்கல். தெரிந்தால் தாங்கமாட்டார் என்று நான்தான் முடிவெடுத்தேன். தொண்டைப்புண் என்றோம். பார்க்க வந்த உங்களையும் வாசலில் மறித்து, அதையே சொல்லவைத்தேன். அம்மாவிடம் உண்மையைச் சொல்லும்படி அண்ணா இரண்டு முறை எனக்குத் தாளில் எழுதித் தந்தார். இரண்டையும் கிழித்துப் போட்டேன்.

கடைசி வாரத்தில் ஒரு பின்னேரம் கஞ்சியோடு அறைக்குள் போனேன். அண்ணா குழலைத் திருப்பிப் பிடித்திருந்தார். அகன்ற வாய் அவர் உதட்டருகில், ஒடுங்கிய முனை அம்மாவின் காதில். வெறும் மூச்சாக வந்த சொல் எனக்கும் கேட்டது.

"அம்மா, நான் உங்களுக்கு முந்திப் போறன்."

அம்மா அழவில்லை. "தெரியும் தம்பி. நீ எப்ப சொல்லுவாய் எண்டுதான் பாத்துக்கொண்டிருந்தனான்" என்றார்.

அதற்குப் பிறகு அவர்களுக்குக் கதைக்கக் கிடைத்தது நான்கு நாள். அதற்கு முந்திய ஐந்து மாதத்தை நான் பறித்துவிட்டேன்.

சீருடையில் வந்து அண்ணாவைச் சுமந்த தீயணைப்புப் படைத் தோழர்களுக்கும், பராமரித்த தாதியருக்கும், நாளும் சமைத்துத் தந்த அயலவர்க்கும் எங்கள் நன்றி. எனக்காகப் பொய் சொன்ன உறவுகளே, உங்களிடம் நான் கேட்பது மன்னிப்பு. குழல் இப்போது அம்மாவின் கட்டிலருகில் இருக்கிறது. அவரைப் பார்க்க வந்தால் அதைத் திருப்பிப் பிடித்துக் கதையுங்கள். உண்மையை மட்டும் சொல்லுங்கள்.