கொழிஞ்சாம்பாறை முதல் சாந்தன்பாறை வரை: நூல் வைத்து அளந்த அறுபது மைல்

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குக் கொழிஞ்சாம்பாறையில் பொள்ளாச்சி பஸ் ஏறினேன். கட்டணம் ஆறணா. என் தங்கை மாராத்தாள் சாந்தன்பாறையில் ஓர் ஏலத்தோட்டக் கணக்கப்பிள்ளைக்கு வாழ்க்கைப்பட்டவள். மகளுக்குப் புதன்கிழமை காலை ஒன்பது மணிக்குக் காதுகுத்து என்று எழுதியிருந்தாள். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்துவது எங்கள் வழக்கம். நான் போகாவிட்டால் மாப்பிள்ளை வீட்டார் வேறு யார் மடியிலாவது வைத்துக் காரியத்தை முடித்துவிடுவார்கள். பிறந்த வீடு இருந்தும் இல்லாதவள் என்ற பேர் தங்கைக்கு வந்துவிடும்.

ஆனாலும் எனக்குக் கவலையே இல்லை. கராச்சியில் ஏற்றிய தபால் ஆகாய விமானத்தில் மறுநாளே சென்னையில் இறங்கிவிடுகிறது என்று பத்திரிகையில் படித்திருந்தேன். அந்தத் தூரத்துக்கு முன்னால் நம் தூரம் எம்மாத்திரம்? தேசப்படத்தில் நூல் வைத்து அளந்தேன். நேர்கோட்டில் அறுபது மைல். விமானத்துக்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது. பஸ், ரயில், நடை எல்லாம் சேர்த்து எனக்கு ஒன்றரை நாள் என்று தாராளமாகவே போட்டுக்கொண்டேன்.

நடுவில் ஆனைமலை குறுக்கே கிடப்பதை நூல் சொல்லவில்லை. பொள்ளாச்சியில் ரயிலேறிக் கிழக்கே திண்டுக்கல், அங்கிருந்து தெற்கே மதுரை, மறுபடி மேற்கே திரும்பிப் போடிக்கு ஐம்பத்தாறு மைல். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வழி. போதாக்குறைக்குத் திண்டுக்கல்லில் வண்டி தவறியது. செவ்வாய் சாயங்காலம்தான் போடி போய்ச் சேர்ந்தேன்.

புதன் காலை ஒன்பது மணிக்கு, மருமகள் என் மடியில் இருக்கவேண்டிய நேரத்தில், மலையடிவாரத்தில் சுமைக்காரர் பேச்சிமுத்துவோடு நின்றேன். 

“இன்னும் எத்தனை மைலுங்க?” என்றேன்.

“மைலெல்லாம் தரையோட சரிய்யா. மழையில்லேன்னா ஒரு நாளு. மழைன்னா ரெண்டு.”

“அதுக்குள்ள கராச்சித் தபாலே மெட்ராசுக்கு வந்துருமுங்க.”

“அது மலையேறியா வருது?” என்று கேட்டுவிட்டுப் பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டார்.

பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. போடிமெட்டில் ஒரு கொட்டகையில் ஒதுங்கி, விடிந்ததும் பூப்பாறை வழியாக நடந்தோம். வியாழன் மாலை மூன்று மணிக்குச் சாந்தன்பாறை. எந்த முகத்தோடு அவள் வீட்டு வாசலை மிதிப்பது என்று வழியெல்லாம் எனக்கு ஒரே வெட்கம்.

அங்கே போனால், அப்போதுதான் பந்தலுக்குக் கால் நட்டுக்கொண்டிருந்தார்கள்.

“வாங்கண்ணா,” என்று மாராத்தாள் கால் கழுவச் சொம்பை நீட்டினாள். “காதுகுத்து நாளைக்குத்தானுங்க. உங்களுக்கு மட்டும் ரெண்டு நாள் முன்னாடியே நாள் வெச்சு, புதன்கெழமைன்னு எழுதிப்போட்டேன்.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “எம் பேச்சு மேல உனக்கு அத்தனை நம்பிக்கையாம்மா?”

“கண்ணாலம் முடிஞ்சு என்னைய அனுப்பறப்ப என்ன சொன்னீங்க? ‘கிட்டத்துலதான இருக்குது, நெனச்சா வந்துருவேன்’னீங்க. ஆறு வருசமாச்சுங்கண்ணா.”

மறுநாள் என் மடியில் உட்கார்ந்த மருமகள், இவர் யார் என்று அம்மாவிடம் கேட்டாள்.

ஞாயிறு காலை கிளம்பும்போது, மறுபடி எப்போது வருவீர்கள் என்று தங்கை கேட்கவில்லை. நானாகவே சொன்னேன்: சித்திரைக்கு வருகிறேன், நாலு நாள் ஆகும், ஆனாலும் வருகிறேன்.