நிமிர்த்திய இரும்புச் சட்டம்

என் அண்ணன் தொண்ணூறுகளின் நடுவில் இறந்தான். அப்பா தோட்டத்து டிராக்டர் ஓட்டினார். அண்ணன் அவரோடு கூடப் போகிற ஆள். மலையில் எடை நிறுத்துப் போட்ட தேயிலைக் கொழுந்துச் சாக்குகளை, டிராக்டருக்குப் பின்னால் கோர்த்த பெட்டியில் ஏற்றி ஃபெக்டரிக்குக் கொண்டுவருவது இருவருடைய வேலை. எங்கள் தோட்டம் பதுளைப் பக்கத்து ஹாலிஎலை ஊருக்கு மேலே இருந்தது. பாதை முழுக்க ஏற்றமும் வளைவும்தான்.

அன்று பகல் அந்த ஏற்றம் ஒன்றில், டிராக்டரையும் பெட்டியையும் இணைக்கும் இரும்புச் சட்டம் பட்டென்று உடைந்தது. பெட்டி பின்னுக்கு உருண்டு சரிவில் கவிழ்ந்தது. சாக்குகளின் மேல் உட்கார்ந்து வந்த அண்ணன் அதற்கடியில் அகப்பட்டான். பள்ளிக்கூடத்திலிருந்து என்னைக் கூட்டிவந்தபோது அப்பா, தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயத்தின் வாசலில் நின்றிருந்தார். சட்டையெல்லாம் மண். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

விசாரணை நடந்தது. உடைந்த சட்டத்தை ஃபெக்டரி முற்றத்தில் போட்டிருந்தார்கள். கூட்டத்தோடு நானும் பார்த்தேன். வெட்டுப்பட்ட மாதிரி நேராக உடைந்திருந்தது. உடைந்த முகம் பளபளவென்று இருக்க, ஒரு ஓரம் மட்டும் கறுத்துத் துருவேறிக் கிடந்தது.

"கொஞ்சங்கூட வளையல பாருங்க," என்றார் ஃபெக்டரிக்குப் பொறுப்பானவர். "ஏத்தத்துல கிளச்ச வெடுக்குன்னு விட்டா இப்பிடித்தான் முறியும்."

அப்பா எதிர்த்துப் பேசவில்லை. "இருக்கலாங்க," என்றார்.

அதோடு அவர் டிராக்டரை விட்டுவிட்டார். காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்குப் போய் மற்ற ஆண்களோடு நின்று, கவ்வாத்து வெட்டவோ மருந்தடிக்கவோ எங்கே அனுப்பினாலும் போனார். பெற்ற பிள்ளையைத் தன் காலாலேயே கொன்றவன் என்று லயத்தில் யாரோ சொன்னது அவர் காதிலும் விழுந்தது. சில நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே கிளச்சை மிதிப்பதுபோல இடது காலை மெல்ல அழுத்தி, மெல்ல விடுவார். அம்மா பார்த்தும் பார்க்காத மாதிரி இருப்பாள். அண்ணனைப் பற்றி வீட்டில் யாரும் வாய் திறக்கவில்லை.

சில வருடங்கள் கழித்து, பதுளையில் கட்டட வேலை சம்பந்தமான தொழில்நுட்பப் படிப்பில் சேர்ந்தேன். எங்களுக்குப் படிப்பித்தவர் யாழ்ப்பாணத்துக்காரர். ஒருமுறை ரயில் பாதைக்காக வெட்டிய பாறைச் சுவர் ஒன்றைக் காட்டக் கூட்டிப்போனார். கறுப்பும் வெள்ளையுமான பட்டைகள், உலரப்போட்ட சேலை மாதிரி பாறைக்குள் நெளிந்து கிடந்தன.

"உந்தக் கல்லு ஒரு காலத்தில வளைஞ்சிருக்கு. பூமிக்குள்ள கிடக்கேக்க, சூட்டிலயும் பாரத்திலயும். இப்ப வெளியில வந்திட்டுது. இனி வளையாது, உடையத்தான் செய்யும்," என்றார்.

அடுத்த கிழமை இரும்பை இழுத்துப் பார்க்கும் இயந்திரத்தில் ஒரு கம்பியை மாட்டினார். அது பாகு மாதிரி நீண்டு, நடுவில் இடுப்புச் சிறுத்து, வெகு நேரம் இழுபட்ட பிறகே அறுந்தது. பிறகு அதே வகைக் கம்பி இன்னொன்றை மாட்டினார். அது ஏற்கனவே ஒருமுறை நன்றாக இழுத்து நீட்டப்பட்டது. முதல் கம்பியைவிடக் கூடுதலான இழுவையைத் தாங்கியது. ஆனால் நீளவே இல்லை. டப்பென்று போனது.

"பாத்தீங்களோ, பலம் கூடியிருக்கு. ஆனா விட்டுக்குடுக்கிறதுக்கு அதிட்ட மிச்சமில்லை. முதல் இழுப்பிலயே அதைச் செலவழிச்சிட்டுது. சூடாக்காமப் பச்சை இரும்பாய் வளைச்சு நிமித்தினாலும் இதே கதைதான். சில நேரம் நிமித்தேக்கயே ஓரத்தில வெடிச்சிரும், கண்ணுக்குத் தெரியாது. பிறகு அந்த வெடிப்பு துருப்பிடிச்சுப் பிடிச்சு வளரும்."

அண்ணன் சாவதற்குச் சில மாதங்களுக்கு முன் பெட்டி ஒரு மதகில் மோதி, அந்தச் சட்டம் வளைந்திருந்தது. பட்டறையில் அதைச் சம்மட்டியால் அடித்து நிமிர்த்திய சத்தம் லயம் வரைக்கும் கேட்டது. கறுத்திருந்த அந்த ஓரம் கண்ணுக்குள் வந்து நின்றது.

அந்த வாரக் கடைசியில் பஸ் பிடித்து வீட்டுக்குப் போனேன். அப்பா வாசலில் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து, பார்த்ததையெல்லாம் சொன்னேன்.

"நீங்க கிளச்ச எப்பிடி விட்டிருந்தாலும் அது ஒருநாள் முறிஞ்சிருக்கும்ப்பா. வளைச்சு நிமித்தினப்பவே அது கெட்டுப்போச்சு. உங்க மேல தப்பே இல்ல."

அவர் தீட்டுவதை நிறுத்தினார்.

"அப்ப நிமித்தினதுதான் காரணமா?"

"ஆமாங்கப்பா."

"பட்டறையில புதுசு வரட்டும்னுதான் சொன்னாங்க," என்றார். "நாந்தான் நிமித்திக் குடுங்கன்னு கெஞ்சினேன். பெட்டி நின்னு போனதால பொம்பளைங்க சாக்கத் தலையில வச்சு அந்த ஏத்தம் முழுக்க ஏறி வந்தாங்க. உங்கம்மாவுக்குக் கழுத்தத் திருப்ப முடியல."

கிளச்சை எப்படி விட்டோம் என்ற சந்தேகத்தோடு அவர் ஒருவாறு வாழப் பழகியிருந்தார். நான் அதைப் பிடுங்கிவிட்டு, சந்தேகமே இல்லாத ஒன்றை அவர் கையில் கொடுத்திருந்தேன்.

"யாருக்குமே தெரியாதேப்பா. பட்டறைக்காரங்களுக்கே தெரியலயே."

"தெரியலதான்," என்றார். "போனது நம்ம பையன்."

உள்ளே அடுப்படியில் இருந்த அம்மா எழுந்து வந்து அவர் பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள். மற்றவர் பார்க்க அப்படி உட்காருகிறவள் அல்ல.

"எனக்காகத்தான் நிமித்தச் சொன்னீங்கன்னு அன்னைக்கே எனக்குத் தெரியுங்க," என்றாள். "பெட்டி திரும்ப ஓடுன அன்னைக்கு நான் எவ்வளவு சந்தோசப்பட்டேன் தெரியுமா? பழிய நீங்க மட்டும் எடுத்துக்காதீங்க."

அப்பா அழுதார். அண்ணனை அடக்கம் செய்த அன்றுகூட நான் அவர் அழுது பார்த்ததில்லை. பிறகு இருவரும் அவனைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். சாக்கு மேல் உட்கார்ந்து அவன் சத்தம் போட்டுப் பாடியது, கருவாட்டுக் குழம்பு வைத்தால் சட்டியை வழித்தது, ஒருமுறை வாய்க்காலில் செருப்பை விட்டுவிட்டு ஒற்றைச் செருப்போடு வந்து நின்றது. இடையில் அம்மா சிரித்தாள், அழுதாள். நான் அப்பாவின் முழங்கையைப் பிடித்தபடி இருந்தேன்.

அதற்குப் பிறகு வீட்டில் அவனைப் பற்றிய பேச்சு வரத்தான் செய்தது. ஆனால் சாகும்வரைக்கும் டிராக்டர் வருகிற சத்தம் கேட்டால் அப்பா பாதையை விட்டு இறங்கி, தேயிலைக்குள் நின்று, அது போய் மறையும்வரை காத்திருப்பார்.