கொலம்பியா அக்கா ஓட்டலில் முதல் பந்தி

அடுத்த வீட்டு அடுப்பில் என்ன கொதிக்கிறது என்று தெரியாவிட்டால் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். போளூரில் இருந்தவரை அம்மா இதற்காகவே என்னைத் திட்டித் தீர்ப்பாள். ஜவ்வாது மலைமேல் ஒரு மிஷன் பயிற்சிக் கல்லூரியில் டைப்பிஸ்ட் வேலை கிடைத்து வந்த பிறகு திட்ட ஆளில்லை. அதுவும் போதாதென்று, நான் வாடகைக்குப் பிடித்த அறைக்கு அடுத்த வீட்டிலேயே கொலம்பியாவிலிருந்து வந்த ஒருத்தி சமைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு வேறென்ன வேண்டும்?

எண்பதுகளின் தொடக்கம் அது. வெல்டிங், தச்சு, மோட்டார் ரிப்பேர் என்று பையன்கள் படிக்கிற கல்லூரி. அதை நம்பி இரண்டு டீக்கடை, ஒரு தையல் கடை, ஒரு சைக்கிள் கடை. ஊர் என்றால் அவ்வளவுதான். கொலம்பியா எங்கே இருக்கிறது என்று கேட்டால், கொழும்புக்குப் பக்கத்தில் என்று டீக்கடையில் அடித்துச் சொல்வார்கள். நான் கல்லூரி நூலகத்தில் அட்லஸை விரித்துப் பார்த்தேன். பூமியின் அந்தப் பக்கம். அங்கேயும் மலை, அங்கேயும் மழை. அதைப் பார்த்ததிலிருந்து எனக்கு ஆவல் இன்னும் கூடிப்போயிற்று.

அவளை எல்லோரும் கொலம்பியா அக்கா என்றே சொன்னார்கள். அவள் கணவர் அடிவாரத்துக் கிராமத்தில் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தைச் சேர்ந்தவர், சரக்குக் கப்பலில் சமையல் வேலை பார்த்தவர். கப்பல் பழுதாகி அந்த நாட்டுத் துறைமுகத்தில் மாதக்கணக்கில் நின்றபோது, உறவுக்காரர் வீட்டுக்கு வந்திருந்த இவளைக் மாதா கோயிலில் பார்த்திருக்கிறார். இவள் சொந்த ஊர் மலைமேல். அங்கேயும் ஒரு கல்லூரி, அதன் எதிரே இவள் அம்மா நடத்திய சாப்பாட்டுக் கடை. நம் ஊர்க் கல்லூரி வாசலையும் பையன்களையும் முதல்முறை பார்த்தபோது, "என் அம்மா தெரு" என்று அரைகுறை இங்கிலீஷில் சொன்னாளாம். கடை போடுகிற யோசனை அங்கேதான் பிறந்தது.

கல்யாணமாகி வந்த புதிதில் அண்ணன் (அக்காவின் கணவரை நான் அப்படித்தான் கூப்பிடுவேன்) இன்னொரு தடவை கப்பலேறிவிட்டார். அந்த ஒரு வருஷம் அக்கா அடிவாரத்தில் மாமியார் வீட்டில் இருந்தாள். யார் பேசுவதும் அவளுக்குப் புரியாது, அவள் பேசுவது யாருக்கும் புரியாது. அந்த வருஷத்தைப் பற்றி நான் கேட்காமல் இருப்பேனா? கேட்டேன். அவள் ஏற்கெனவே துடைத்து வைத்த அடுப்பை மறுபடியும் துடைக்க ஆரம்பித்துவிட்டாள். அண்ணன் ஒளிவுமறைவு இல்லாத ஆள். "கட ஓடுச்சின்னா இங்கயே இருந்துடுவேம்மா. ஓடலன்னா மறுபடியும் கப்பல்தான். வேற இன்னா பண்றது?" என்று அவள் எதிரிலேயே சொன்னார். அந்த வாக்கியம் மட்டும் அவளுக்கு முழுசாகப் புரிந்தது என்பது முகத்தில் தெரிந்தது.

கடை ஓட வேண்டுமென்றால் கல்லூரிப் பையன்கள் வர வேண்டும். மலைக்காரர்கள் வீட்டில் சாமைச் சோறு தின்கிறவர்கள், கடைக்கு எதற்கு வரப்போகிறார்கள்? விடுதியில் ஞாயிற்றுக்கிழமை மதியம் சமையல் கிடையாது. திறப்பு நாளன்று விடுதி வார்டன் தானே வந்து சாப்பிட்டுப் பார்ப்பதாகவும், பிடித்தால் வாராவாரம் பையன்களை அனுப்புவதாகவும் பேச்சு. ஆக, அண்ணன் மலையில் இருப்பதா கடலில் இருப்பதா என்பது வார்டனின் நாக்கில் இருந்தது.

அதற்கு முந்தைய வாரம் முழுக்க நான் ஆபீஸ் விட்டதும் அவள் அடுப்படியில்தான். திறப்பு நாளுக்கென்று அவள் செய்து பார்த்துக்கொண்டிருந்தது, அவள் அம்மா கடையின் பேர்பெற்ற சூப். கோழி, உருளைக்கிழங்கு, துண்டு துண்டாக வெட்டிய மக்காச்சோளக் கதிர். உருளைக்கிழங்கைக் கரைய விட்டுக் கெட்டியாக்குவாள். அவள் ஊரில் மூன்று விதக் கிழங்கு போடுவார்களாம். கண்ணமங்கலம் சந்தையில் கிடைப்பது ஒரே விதம். அதைக் கையில் எடுத்துப் பார்த்து, உதட்டைப் பிதுக்கி, அவள் மொழியில் ஏதோ சொல்லுவாள். நல்ல வார்த்தையாக இருக்காது என்று நினைக்கிறேன்.

ஒரு நாள் கொல்லைப்பக்கம் போனவள் கத்திக்கொண்டு ஓடி வந்தாள். பாம்பாக்கும் என்று நான் விளக்குமாறை எடுத்துக்கொண்டு ஓடினேன். பார்த்தால், மடி நிறைய களை. வெள்ளையும் மஞ்சளுமாகப் பொடிப்பூ பூக்கும் களை. பிடுங்கி எறிவதைத் தவிர நாங்கள் அதற்கு ஒன்றும் செய்ததில்லை, எனக்கு அதன் பேர்கூடத் தெரியாது. அவள் ஊரில் இது இல்லாமல் அந்தச் சூப் கிடையாதாம். முகர்ந்து முகர்ந்து பார்த்தாள், என் மூக்கிலும் வைத்துத் தேய்த்தாள். எனக்குப் பச்சைப் புல் வாசனைதான் தெரிந்தது. அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. ஒரு களைக்காக அழுகிற ஆளை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. எனக்கும் என்னவோ போலாகிவிட்டது.

திறப்பு நாள் ஞாயிற்றுக்கிழமை. கலர், சோடா இல்லாமல் திறப்பு விழாவா என்று அண்ணன் காலை முதல் பஸ்ஸில் கண்ணமங்கலத்துக்கு இறங்கினார். மதியத்துக்குள் வந்துவிடுகிறேன் என்றார். வரவில்லை. பஸ் வழியில் படுத்துவிட்டது என்று பிறகுதான் தெரிந்தது. அக்கா தனியாகக் கடையைத் திறந்தாள். அந்தக் காலத்தில் ஓட்டல் முன்கூடத்தில் பெண்கள் உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. அதனால் எனக்கு அடுப்படியில் ஒரு முக்காலி. முக்காலிக்கு நேரே, பாத்திரம் கொடுத்து வாங்க ஒரு ஜன்னல். அதன் வழியே முன்கூடம் முழுக்கத் தெரியும். எனக்கென்றே அளவெடுத்துச் செய்த இடம்.

வார்டன் நடு மேஜையில் உட்கார்ந்தார். பக்கத்தில் ஒரு வனத்துறைக் காவலர், சுற்றிலும் பையன்கள். அக்கா தமிழ் கற்றது மாமியாரிடம். அதனால் வார்டனையும் "வா, ஒக்காரு" என்றாள். பையன்கள் சிரிப்பை அடக்கக் குனிந்துகொண்டார்கள். ஆளுக்கொரு கிண்ணத்தில் சூப் போய்ச் சேர்ந்தது. மேலே ஆவி பறந்தது. எனக்கும் ஒரு கிண்ணம் வந்தது.

யாரும் தொடவில்லை.

அக்கா ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் பார்த்தாள். வார்டன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் கை வைக்காமல் மற்றவர்கள் வைப்பார்களா?

"இன்னாங்க இது, கொழம்பு வந்து ஒக்காந்துகினு கீது, சோத்தக் காணோம்?" என்றார் காவலர் மெதுவாக.

"வரும் வரும். அவங்க ஊரு வழக்கம் கொழம்ப மொதல்ல வெக்கறது போல" என்றார் வார்டன்.

அக்கா கரண்டியால் சூப்பை எடுத்து வாயில் விட்டுப் பார்த்தாள். உப்புப் போதவில்லை என்று முடிவு கட்டினாள் போலிருக்கிறது. ஒரு கிண்ணத்தில் உப்பை அள்ளிக்கொண்டு போய் மேஜை நடுவில் வைத்துவிட்டு வந்தாள்.

"உப்பு வந்துடுச்சி, இனிமே சோறுதான்" என்று ஒரு பையன் நிமிர்ந்து உட்கார்ந்தான். எல்லோரும் நிமிர்ந்தார்கள். ஒருத்தர் சட்டைக் கையை மடித்துக்கொண்டார்.

அப்போதும் யாரும் தொடவில்லை. அக்காவுக்கு வியர்த்தது. காரம் போதவில்லையோ என்னவோ, பச்சை மிளகாய், வெங்காயம், கொத்துமல்லி எல்லாம் அரிந்து எலுமிச்சம்பழம் பிழிந்து எடுத்துப் போனாள். ஊறுகாயும் வந்தாயிற்று என்று அவர்கள் திருப்திப்பட்டார்கள். பிறகு, வாழைக்காயைத் தட்டி இரண்டு தடவை பொரித்ததை, கடைசியில் கொடுக்க வைத்திருந்ததை, இப்போதே எடுத்துப் போனாள். "அப்பளமே வந்துடுச்சே!" என்றார் காவலர். அவள் பயந்து பயந்து கொண்டுபோய் வைத்த ஒவ்வொன்றும், சோறு வாசல்வரை வந்துவிட்டது என்று அவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. சூப் மேலே ஆடை படிந்தது.

அக்கா என்னிடம் திரும்பினாள். "நோ லைக்?" என்றாள்.

"குட், அக்கா. வெரி குட்" என்றேன்.

அவள் என் மடியைப் பார்த்தாள். என் கிண்ணமும் நிறைய அப்படியே இருந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நானும் சோற்றுக்காகத்தான் காத்துக்கொண்டிருந்தேன்! யாரும் எனக்கு அப்படிச் சொல்லவில்லை, நானாக யோசித்தும் செய்யவில்லை. சோறு வராமல் குழம்பில் கை வைத்தால் பறக்காவெட்டி என்று பேராகும் என்பது, யோசிக்காமலே என் கையைக் கட்டிப் போட்டிருந்தது. என் காலடியிலேயே சோற்றுப் பானை வெள்ளைத் துணி போர்த்தி, சுடச்சுட இருந்தது.

"ரைஸ்?" என்று பானையைக் காட்டினேன்.

அவள் தலையை வேகமாக ஆட்டி மறுத்தாள். விரலால் காட்டினாள், முதலில் இது, முடிந்தபிறகு அது. அவள் அம்மா கடையில், சூப் தீருமுன்னே சோற்றுத் தட்டை வைத்தால், சீக்கிரம் தின்றுவிட்டு எழுந்து போ என்று விரட்டுவதாக அர்த்தமாம். இதைச் சைகையும் இங்கிலீஷுமாக அவள் விளக்கி, நான் புரிந்துகொள்வதற்குள் எனக்கு மூச்சு வாங்கிவிட்டது. எவ்வளவு அழகான சிக்கல்! இங்கே கிண்ணம் காலியாகாமல் சோறு போகாது, அங்கே சோறு வராமல் கிண்ணம் காலியாகாது. இரண்டு பக்கமும் மரியாதை. அந்த இக்கட்டிலும் எனக்கு அதை ரசிக்கத் தோன்றியதை என்ன சொல்ல?

ஆனால் வார்டன் நாற்காலியைப் பின்னால் தள்ளுகிற சத்தம் கேட்டது. நான் முன்கூடத்துக்கு ஓடினேன்.

"சார், அவங்க ஊர்ல மொதல்ல இத மட்டும் குடிப்பாங்களாம் சார். அப்புறந்தான் சோறாம்."

"வெறும் வயித்துல கொழம்பக் குடிச்சா இன்னாம்மா ஆவறது?" வார்டன் கோபக்காரர் இல்லை. உண்மையிலேயே அவருக்குச் சந்தேகம். "சோறு இருக்குதா இல்லியா? இல்லன்னா சொல்லிடு, பசங்கள இட்டுகினு நான் கெளம்பறேன்."

"இருக்குதுங்க சார், இதோ" என்று உள்ளே வந்தேன். "ரைஸ், அக்கா. ஹீ இஸ் கோயிங்."

அக்கா பானைத் துணிமேல் கை வைத்தபடி நின்றாள். அவள் கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் துணியை எடுத்தாள். தட்டுகளில் சோற்றை வைத்தாள், தானே தூக்கிக்கொண்டு போனாள்.

பிறகு நடந்ததை நான் ஜன்னலில் பார்த்தேன், அவள் மேஜைக்குப் பக்கத்தில் நின்று பார்த்தாள். வார்டன் கிண்ணத்தை அப்படியே சோற்றின்மேல் கவிழ்த்தார். குழி பறித்து, கிழங்கை நசுக்கி, கோழியைப் பிய்த்து, ஐந்து விரலாலும் பிசைந்தார். ஒரு கவளம் வாயில் போனது. தலை ஆடியது. அவ்வளவுதான், எல்லா மேஜையிலும் கிண்ணங்கள் கவிழ்ந்தன. மக்காச்சோளத்தை முருங்கைக்காய் மாதிரி கடித்து உறிஞ்சினார்கள். "இன்னாமோ ஒரு கீர வாசன வருது, நல்லா கீது" என்றார் காவலர். வார்டன், "கொழம்பு இன்னும் கொஞ்சம் ஊத்தும்மா" என்று தட்டை நீட்டினார். மறுபடியும் நீட்டினார். அக்கா ஊற்றினாள். அவள் முகத்தில் ஒன்றும் இல்லை.

கை கழுவிவிட்டு வந்த வார்டன் என்னைக் கூப்பிட்டார். "ஞாயித்துக்கெழமன்னா பசங்க இங்கதான். கொழம்பு மட்டும் சோத்தோடவே வந்துடணும், சொல்லிடு" என்றார்.

நான் உள்ளே பறந்தேன். "அக்கா, எவ்ரி சன்டே! பாய்ஸ் கமிங்! சூப் வித் ரைஸ்!" என்று ஒரே மூச்சில் கொட்டினேன். சூப்பைப் பற்றி வாதாடுவாள் என்று எதிர்பார்த்தேன், அதற்குப் பதில்கூட யோசித்து வைத்திருந்தேன். அவள் சூப்பைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"அவரு," என்றாள். வார்த்தை தேடினாள். "கப்பல்... போகல?"

"போகல அக்கா. போகவே மாட்டார்."

அவள் அடுப்புக்கு எதிரே தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். முன்கூடத்தில் கை துடைத்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. காலையிலிருந்து உப்பையும் காரத்தையும் பந்தி வேடிக்கையையும் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, அவள் பார்த்துக்கொண்டிருந்தது அந்த ஒரு வருஷத்தை என்பது தோன்றவேயில்லை.

எல்லோரும் போன பிறகு அவள் முகம் கழுவிக்கொண்டு ஒரு தட்டில் சோறு போட்டாள். மேலே சூப்பை ஊற்றினாள். வார்டன் செய்த மாதிரியே குழி பறித்து, கையால் பிசைய ஆரம்பித்தாள். பழக்கமில்லாத விரல்கள், மணிக்கட்டுவரை வழிந்தது. ஒரு கவளம் வாயில் வைத்தாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நல்லா இருக்கா அக்கா?"

"இல்ல" என்றாள். மென்று விழுங்கிவிட்டு, இன்னொரு கரண்டி எடுத்துச் சோற்றின்மேல் ஊற்றிக்கொண்டாள்.