மணி சாரைச் சிகரம் என்று எழுதாதீர்கள்

மணி சார் போய்விட்ட செய்தி எனக்குப் படமாகத்தான் வந்தது. ஓய்வுபெற்றவர்களின் வாட்ஸ்அப் குழுவில் யாரோ போட்டிருந்தார்கள். எந்தக் காலத்திலோ எடுத்த பாஸ்போர்ட் போட்டோவிலிருந்து வெட்டிய முகம், பின்னால் ஏதோ வெளிநாட்டு மலை, அதன் மேல் சிவப்பு எழுத்தில் 'சிகரம் சாய்ந்தது'. கீழே வரிசையாகக் கும்பிட்ட கைகள். பல வருஷம் பக்கத்து மேசையில் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த மனிதரை இதைவிடக் கேவலப்படுத்த முடியாது. அவர் வேலை பார்த்த காலம் முழுக்கச் சண்டை போட்டதே சிகரத்தோடுதான்.

கரமனை அக்ரஹாரத்துக்காரர். திருவனந்தபுரத்தில் வானிலைக் குறிப்பு எழுதும் அலுவலகத்தில் மலைப்பகுதியின் குளிர்காலம் அவர் பொறுப்பு. அங்குள்ள தமிழர்களுக்காக அதைத் தமிழில் எழுதித் தருவது, சாலைக் கடைத்தெருவின் இரும்புக்கடைக் குடும்பத்தில் பிறந்த என் பொறுப்பு. இனிமையானவர், யாரையும் நோகடிக்காதவர் என்று குழுவில் எழுதுகிறார்கள். பச்சைப் பொய். டிசம்பர் பிறந்தால் இந்த ஊரில் காலை நடைக்காரர்கள் காதை மூடிய கம்பளித் தொப்பியோடு கிளம்பிவிடுவார்கள். மணி சார் பஸ் நிறுத்தத்தில் நின்று அவர்களை ஏற இறங்கப் பார்ப்பார். "வேர்த்து வழியறது, குளிர்றதாம். தொப்பிக்குள்ள ஏதாவது இருக்கான்னு பாக்கணும் ஓய்" என்பார், அவர்கள் காதில் விழும்படியாகவே.

உயரம் கூடினால் குளிரும் கூடும் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததோடு நம் ஆட்களுக்கு அறிவு நின்றுவிடுகிறது. மழை ஓய்ந்த மார்கழி, தையில் மேகமும் காற்றும் இல்லாத இரவு வாய்த்தால் கதையே தலைகீழ். தரை சூட்டை இழக்கும். தரையைத் தொட்ட காற்று குளிர்ந்து கனக்கும். கனத்த காற்று சரிவில் வழிந்து பள்ளத்தில் போய்த் தேங்கும். மேட்டு பங்களாவில் ஒரு போர்வை போதும் என்கிற இரவில் கீழே ஓடைக்கரையில் உருளைக்கிழங்குச் செடி கருகும். "குளிருக்கு ஏறத் தெரியாது ஓய். தண்ணி போற வழியிலதான் அதுவும் போகும்" என்பது மணி சார் வாக்கு. இதைப் புரிந்துகொள்ளப் பட்டம் தேவையில்லை. பட்டம் வாங்கிய எங்கள் மேலதிகாரிக்கு மட்டும் கடைசிவரை புரியவில்லை.

மூணாறைத் தாண்டிய ஒரு பள்ளத்தாக்கில் முருகையா என்ற விவசாயியின் ஓடைக்கரை வயலில் மணி சார் ஒரு வெப்பமானி வைத்திருந்தார். இன்னொன்று மேட்டு பங்களாவில் இருந்தது. முருகையா காலையில் பார்த்துப் போனில் சொல்வார். மணி சார் விடுப்பில் இருந்த ஒரு நாள் மேலதிகாரியே போனை எடுத்தார். அவர் வீட்டிலும் தமிழ்தான். ஆனால் பதவி ஏற ஏற, தமிழ் கேட்கிற காது அவருக்கு அடைத்துக்கொண்டே வந்தது. என்ன பேசினார்கள் என்பதை முருகையா பிறகு சொன்னார்.

"சார், இங்க பள்ளத்துல பனி சார். ரொம்பக் கடுமையா இருக்கு. நாளைக்கு இன்னும் கூடும் போல."

"அய்யோ, பனியானோ? மருந்து கழிச்சோ?"

"இதுக்கு ஏது சார் மருந்து? மூடித்தான் வைக்கணும்."

"அது மதி. நல்லவண்ணம் மூடிப் போர்த்திக் கிடந்நோ. ரெண்டு நாள் ஜோலிக்கு வரண்டா."

மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல், மருந்து கழிச்சோ என்றால் மருந்து சாப்பிட்டாயா. நாம் பனி என்பதற்கு அங்கே மஞ்ஞு என்று பெயர். வானிலை அலுவலகத்தில் உட்கார்ந்துகொண்டு, ஜனவரி மாதத்தில், பனி என்ற சொல்லைக் கேட்டு மாத்திரையை நினைத்த மேதை வேறெங்கும் இருக்க மாட்டார். முருகையாவுக்கு விடுப்பு கொடுத்துவிட்டு, பங்களா வெப்பமானியின் அளவை மட்டும் வைத்து அன்றைய குறிப்பை ரேடியோவுக்குச் சொன்னார்: உயரமான இடங்களில் குளிர் நீடிக்கும், தாழ்வான பகுதிகளுக்கு அச்சமில்லை. பள்ளத்தாக்கு ரேடியோவை நம்பியது. முருகையாவைத் தவிர யாரும் செடிக்குப் புல் போட்டு மூடவில்லை. விடிந்தபோது ஓடைக்கரையில் மற்ற வயல்களெல்லாம் கறுத்துக் கிடந்தன. தன் வயலை மட்டும் மூடிக்கொண்டு ஊரைக் கெடுத்தான் என்று எல்லோரும் முருகையாவிடம்தான் சண்டைக்குப் போனார்கள்.

திரும்பி வந்த மணி சார், ஓடைக்கரை அளவு எங்கே என்று கேட்டார். "முருகையாவுக்குப் பனியாக்கும்" என்றார் அதிகாரி. "பள்ளத்துலயா?" என்றார் மணி சார். "அல்ல, தேகத்துல." மணி சார் எல்லோருக்கும் கேட்கும்படி முருகையாவை ஸ்பீக்கரில் கூப்பிட்டார். "எனக்கு ஒண்ணும் இல்ல சார். ஊர்க் கெழங்குதான் போச்சு" என்றது முருகையாவின் குரல். மணி சார் அதிகாரியைப் பார்த்து, "ஜுரம் அவருக்கில்லே சார். ஒங்க காதுக்கு" என்றார்.

அதோடு விட்டிருந்தால் பிழைத்திருப்பார். இனிமேல் குறிப்பில் 'உயரமான இடங்களில்' என்பதை எடுத்துவிட்டுப் 'பள்ளங்களில்' என்று போட வேண்டும் என்றார். "ஹைரேஞ்ச்னா உயரம்தானே? ஜனங்களைக் குழப்பண்டா" என்று அதிகாரி அவரைக் கடலோரக் காற்றுப் பிரிவுக்குத் தள்ளினார். மணி சார் அதற்குப் பிறகு, வானம் தெளிந்த ஒவ்வொரு குளிர்கால மதியமும் தன் சொந்தப் போனில் முருகையாவைக் கூப்பிட்டார். ஓய்வுபெற்றும் விடவில்லை. பேச்சு ஒரே சொல்தான். 'இறங்கும்', இல்லாவிட்டால் 'இறங்காது'. முருகையா அதை வயல் வயலாகப் போய்ச் சொன்னார். திருடனைப் பார்ப்பதுபோல் அவரைப் பார்த்த ஊர், பிறகு மதியமானால் அவருக்காகக் காத்திருக்க ஆரம்பித்தது.

இரங்கல் கூட்டம் கரமனையில் ஒரு சின்ன மண்டபத்தில் மதியம் நடந்தது. தலைமை அதே அதிகாரி. அவரும் ஓய்வுபெற்றுவிட்டார், காது மட்டும் அப்படியே இருக்கிறது. மணி சார் ஒரு கொடுமுடி, ஒரு சிகரம் என்று அவர் உருகிக்கொண்டிருக்கையில், கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் மணி சாரின் மகன் என்னிடம் வந்தான். கையில் அப்பாவின் போன். "யாரோ முருகையாவாம் அங்கிள். அப்பாதான் வேணுங்கறார். எனக்குச் சொல்ல வரலே."

வெளியே போய் நான் சொன்னேன். "நாலஞ்சு நாளா எடுக்கல சார். என் மேல கோவமோன்னு நெனச்சேன்" என்றார் முருகையா. பிறகு அவரே மெதுவாகக் கேட்டார். "இன்னைக்கு வானம் தொடச்சு விட்ட மாதிரி இருக்கு. காத்தும் இல்ல. எறங்குமா சார்?"

நான் என் போனில் மேகப் படத்தைப் பார்த்தேன். மலைக்கு மேலே ஒன்றுமில்லை. "இறங்கும். எல்லாரையும் மூடச் சொல்லுங்க" என்றேன்.

பின்னாலேயே அதிகாரி வந்து நின்றிருந்தார். யாருக்கு என்ன என்று கேட்டார். "முருகையா. பள்ளத்துல பனி" என்றேன். "அய்யோ பாவம்" என்றார். "நல்லவண்ணம் ரெஸ்ட் எடுக்கச் சொல்லணும், கேட்டோ."

மணி சாருடையது என்று என்னிடம் மிஞ்சியிருப்பவை ஒரு சொல், ஒரு போன் நம்பர், இப்படிப்பட்டவர்கள்மேல் துளியும் குறையாத இளக்காரம். 'சிகரம் என்று போடாதீர்கள், அவர் பள்ளத்தின் பக்கம் நின்றவர்' என்று குழுவில் எழுதினேன். அதற்கும் கும்பிட்ட கைகள்தான் வந்தன. நாளைக்கும் அங்கே வானம் தெளிவாகத்தான் இருக்கும். மதியம் முருகையாவைக் கூப்பிட வேண்டும்.