புடவைக்கடைப் படியிலை உப்பு

கொங்கிறீட்டை உப்பு அரிக்காமல் மருந்து பூசுறது என்ரை தொழில். பூசின இடத்திலையே உப்பைக் கொண்டுவந்து கொட்டுறது என்ரை வாடிக்கையாளரின்ரை தொழில். ஊருக்குப் புத்தி சொல்லிப் பிழைக்கிற ஆக்களே, உங்களுக்கு என்ரை வயித்தெரிச்சல் விளங்கும். நான் தனியத் தொழில் தொடங்கி, இந்தக் குளிர்நாட்டிலை எங்கடை தமிழ்ச்சனம் கடை போட்டிருக்கிற லாச்சப்பலிலை பிடிச்ச முதல் வேலை, ரூ பெர்தொனே எண்ட தெருவிலை ஒரு புடவைக்கடையின்ரை வாசற்படி. அது நல்லா நிண்டால்தான் மற்றக் கடைக்காரர் என்னைக் கூப்பிடுவினம். இல்லையெண்டால் பழையபடி இன்னொருத்தனுக்குக் கீழை கைகட்டி நிக்க வேண்டியதுதான்.

காயாத படி

உடைவுகளை அடைச்சு, அது இறுகினாப் பிறகு கடைக்கார அண்ணையிட்டைத் தலைகீழா நிண்டு சொன்னன்: மருந்து பூசுமட்டும் படிக்குத் தண்ணி காட்டாதேங்கோ, ஈரத்திலை மருந்து உள்ளை இறங்காது. மருந்து வாளியோடை போய்ப் பாத்தால், படி மஞ்சள் தண்ணியிலை மிதக்குது! அண்ணைக்கு ஒரு கூச்சமும் இல்லை. "வெள்ளிக்கிழமை வாசல் கழுவாமல் கடை திறக்கச் சொல்லுறியோ தம்பி?"

கறி உப்பு

ஒருமாதிரிக் காயவிட்டுப் பூசி முடிச்சன். முதல் குளிருக்குப் பனி உருக்க எண்டு உப்பே போடக்கூடாது, உப்புத் தண்ணி உள்ளை ஊறி உறைஞ்சால் மேல்தோல் உரிஞ்சு வரும் எண்டு சொல்லி, சறுக்காமல் தூவுறதுக்கு ஒரு மூட்டை மணலும் குடுத்தன். பனி கொட்டின காலமை போறன், மூட்டை கட்டவிழ்க்காமல் கிடக்குது. அண்ணை கறி உப்பைக் கோழிக்குத் தீன் போடுறமாதிரி அள்ளி வீசுறார். ஓடிப்போய்க் கூட்டி அள்ளினன். "மணலை மிதிச்சுக்கொண்டு சனம் உள்ளை வந்தால் பட்டுச்சீலை என்னத்துக்காகும்? கடற்கரையிலை பிறந்தவனுக்கு உப்பைப் பற்றிப் பாடம் எடுக்கிறாய்!"

நாவூறு

குளிர் முடிய, ரூ து ஃபொபூர் சேன்-தெனித் தெருவிலை நகைக்கடை வைச்சிருக்கிற ஒருத்தர், தன்ரை படியையும் என்னட்டைத் தர யோசிச்சு, இந்தப் படியைப் பாக்க வந்தார். நான் சந்தோசமா முன்னாலை போனன். ஐயோ! ஒரு மூலை முழுக்கப் பொருக்கு விட்டுக் கிடக்குது. மேலை உப்பும் செத்தல் மிளகாயும். அண்ணையின்ரை மனிசி ஒண்டையும் ஒளிக்கேல்லை. போற வாற சனமெல்லாம் படி நல்ல வடிவு எண்டதாம். கண் பட்டிடும் எண்டு குளிர் முழுக்க வெள்ளிக்கு வெள்ளி படிக்கு நாவூறு கழிச்சவவாம். கொங்கிறீட்டுக்கு நாவூறு கழிச்ச சனத்தை உலகத்திலை வேறை எங்கையாவது கண்டிருக்கிறியளோ?

நகைக்கடைக்காரர் சப்பாத்தாலை ஒருக்காத் தட்டினார். பொருக்குக் கழண்டு விழுந்திது. மனுசன் அப்பிடியே திரும்பிப் போட்டார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒண்டா வந்திது. அண்ணை என்ரை தோளிலை கையைப் போட்டார். "உன்ரை வேலையிலை ஒரு குறையும் இல்லைத் தம்பி, உனக்கு ராசிதான் இல்லை."

இப்ப வில்லியே லே பெல்லிலை இன்னொருத்தனுக்குக் கீழை கார் நிறுத்துற தளங்களுக்கு மருந்து பூசுறன். அங்கையும் உப்புக் கொட்டுறாங்கள்தான், ஆனால் என்ரை ராசியைப் பாக்க ஒருத்தரும் இல்லை.