கொட்டியதாக எழுதப்பட்ட கொழுந்து

2024 ஆகஸ்ட் 14ஆம் திகதி, புதன்கிழமை, பகல் பன்னிரண்டு மணி பத்து நிமிடத்துக்கு எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் மடுவம் பூட்டப்பட்டது. நேரம் இவ்வளவு துல்லியமாக நினைவிருப்பதற்குக் காரணம் உண்டு. பல்கலைக்கழக விடுமுறைக்கு வந்திருந்த நான் அம்மாவுக்குச் சோறு கொண்டுபோயிருந்தேன். நிறுவை ஏன் இன்னும் தொடங்கவில்லை என்ற கவலையில் அவர் மணி கேட்டார். நான் கைப்பேசியைப் பார்த்துச் சொல்லி முடிப்பதற்குள் கணக்கப்பிள்ளை பூட்டில் சாவியைத் திருப்பிவிட்டார்.

கொஸ்லந்தைக்கு மேலே உள்ள அந்த மலையில் பறிக்கும் கொழுந்தெல்லாம் மடுவத்துக்கு வந்துதான் நிறுக்கப்படும். புதிதாக வந்த மின்தராசில் எண் தெரியும் பக்கம் கணக்கப்பிள்ளையைப் பார்த்தபடி இருந்தது. அவர் வாசித்துச் சொல்வதே நிறை. அன்று வரிசையில் நின்ற, அம்மா உட்பட்ட பதினொரு பெண்களும் அதைத் தங்களுக்கும் தெரியும்படி வைக்கக் கேட்டார்கள்.

“கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பி வைங்கய்யா. நாங்களும் பாத்துக்கிறோம்” என்றார் முதலாவதாக நின்ற பெரியம்மா.

“பாத்து என்னா செய்யப்போறீங்க? நம்பர் வாசிக்கத் தெரியுமா?”

“ஏன் தெரியாது? நம்பர் அடிச்சுத்தானே ஒங்களுக்கு போன் போட்டு லீவு கேக்குறோம்.”

வரிசை முழுவதும் சிரித்தது. கணக்கப்பிள்ளை சிரிக்கவில்லை. வெளியே போய்த் தோட்ட நிர்வாகியான துரையுடன் தொலைபேசியில் பேசிவிட்டு வந்து, “துரை சொல்ற வரைக்கும் நிறுவை இல்ல” என்று கதவைப் பூட்டினார்.

சாக்கில் அடைந்து கிடந்தால் கொழுந்து சூடேறிச் சிவந்துவிடும். சிவந்த கொழுந்தைத் தொழிற்சாலை ஏற்காது. அதனால் பெண்கள் இடுப்பில் கட்டியிருந்த சாக்குத்துணிப் படங்குகளை அவிழ்த்து, பாதையோரத்து நிழலில் விரித்து, கொழுந்தை அதன்மேல் பரப்பினார்கள். வேலை பாழாகக்கூடாது என்பதைத் தவிர அப்போது அவர்களுக்கு வேறு எண்ணம் இருக்கவில்லை. நான் ஒரு படம் எடுத்தேன்.

பதுளையில் ஒரு செய்தியாளர் இருந்தார். விடுமுறைகளில் அவருக்குச் சிங்கள அறிக்கைகளைத் தமிழாக்கிக் கொடுப்பது என் வழக்கம். படத்தை அவருக்கு அனுப்பினேன். தோட்டத்தின் பெயரைத் தவிர வேறொரு சொல்லும் சேர்க்கவில்லை. படமே போதும் என்று நினைத்தேன். சிறிது நேரத்தில் அவர் அழைத்தார்.

“தங்கச்சி, படம் நல்லா இருக்கு. யாராவது ஒருத்தரப் பேசச் சொல்லுங்க. ரெண்டு வசனம் போதும்.”

பதினொரு பேரிடமும் கைப்பேசியை நீட்டினேன். எங்கள் தோட்டத்தில் துரையிடமோ வெளியாரிடமோ பேசுவது தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவருடைய பொறுப்பு. அவர் இருக்கையில் இன்னொருவர் வாய் திறந்தால் அது அவரை மதிக்காததாக ஆகிவிடும். அன்று அவர் ஒரு மரண வீட்டுக்காக மொனராகலைக்குப் போயிருந்தார். ஆகவே பதினொரு பேரும் ஒன்றையே சொன்னார்கள்: “தலைவர் வரட்டும், அவரு சொல்லுவாரு.” அம்மா கைப்பேசியைத் தொடவே இல்லை. “நீயும் சும்மா இரு. நாளைக்கு அவரு மொகத்துல முழிக்க வேணாமா?” என்றார்.

“அப்ப நீங்களே சொல்லுங்க. நீங்கதானே பாத்தீங்க” என்றார் செய்தியாளர்.

“நான் அங்க வேலை செய்யலீங்க அண்ணா. நான் சொல்றது சரியா இருக்காது.”

அந்தப் பதிலை அப்போது அடக்கம் என்று எண்ணினேன். யாரையும் இழுத்துவிடாமல் நடந்துகொண்டதில் சிறு திருப்திகூட இருந்தது.

மாலை ஐந்து மணிக்கு அவருடைய பத்திரிகையின் இணையப் பக்கத்தில் செய்தி வந்தது. வரிசையில் நின்ற பதினொருவரில் ஒருவரான பக்கத்து வீட்டு அக்கா, நாங்கள் குடியிருக்கும் லயத்து வாசலில் நின்று அதை உரக்க வாசித்தார். தலைப்பு: ‘கொழுந்தை வீதியில் கொட்டித் தொழிலாளர் வேலைநிறுத்தம்’. கீழே என் படம். அடுத்து மூன்று பந்திகளில் துரை தொழிற்சாலையின் இழப்பையும் ஏலச் சந்தையையும் நாட்டின் பொருளாதாரத்தையும் விளக்கியிருந்தார். மடுவம் என்ற சொல் எங்கும் இல்லை. கடைசி வரி: ‘தொழிலாளர் தரப்பு கருத்துக் கூற மறுத்துவிட்டது.’

“கொட்டினோமாம்டி! கட்டியிருந்த படங்க அவுத்து விரிச்சதுக்குப் பேரு கொட்டுறதா?” என்றார் அக்கா.

“நாட்டுக்கே நட்டமாம் அக்கா. நாம அவ்வளவு பெரிய ஆளுங்கன்னு இன்னைக்குத்தானே தெரியுது.”

நான் செய்தியாளரை அழைத்து, பூட்டியது நிர்வாகம் என்றேன்.

“அத யாரு சொன்னா? துரை அரை மணித்தியாலத்துல டைப் பண்ணின அறிக்கை அனுப்பினாரு. நீங்க ஒரு படம் அனுப்பினீங்க. பேரோட ஒருத்தர் சொல்லட்டும், போடுறேன்.”

அவர் சொன்னதில் பாதி நியாயம் இருந்தது. ஆனால் கதவு ஏன் பூட்டியிருந்தது என்று துரையிடம் அவர் கேட்கவுமில்லை.

இவ்விடத்தில் எனக்குச் சங்கடமான ஒன்றையும் எழுதவேண்டும். அந்த ஆண்டு செய்திமொழி பற்றிய பாடத்தில், அமெரிக்காவின் பேஸ்போல் அணி உரிமையாளர்களுக்கும் வீரர்களுக்கும் இடையிலான தொழில் தகராறு குறித்த பத்திரிகைச் செய்திகளை விரிவுரையாளர் எங்களுக்குத் தந்திருந்தார். அந்த விளையாட்டை நான் பார்த்ததே இல்லை. மைதானங்களைப் பூட்டியவர்கள் உரிமையாளர்கள். ஆனால் விளையாட மறுக்கும் வீரர்கள் என்றே செய்திகள் பேசின. வீரரின் சம்பளம் ஒவ்வொரு செய்தியிலும் இருந்தது; உரிமையாளரின் வருமானத்தை ஒருவரும் கேட்கவில்லை. உரிமையாளர் ‘விளக்கினார்’, ‘எச்சரித்தார்’. வீரர்கள் ‘கோரினர்’, ‘மறுத்தனர்’. அதற்கான என் கட்டுரையில் வினைச்சொற்களை இரண்டு நிரல்களாகப் பிரித்து அட்டவணையிட்டேன். உரிமையாளர் தரப்பு ஒரே வாயால், ஆயத்தமாக, நேரத்துக்குப் பேசுகிறது. அவசரத்தில் இருக்கும் செய்தியாளர் கைக்கு வந்ததை எடுத்துக்கொள்கிறார் என்று முடித்திருந்தேன். நல்ல புள்ளி கிடைத்தது. அதே நான், அன்று பகல் அந்தச் செய்தியாளரின் கையில் ஒன்றும் கொடுக்காமல் விட்டிருந்தேன்.

ஆறு மணியளவில் கங்காணி நிர்வாகத்தின் கடிதத்துடன் வந்தார். பின்னால் அந்தச் செய்தியின் அச்சுப்பிரதி இணைக்கப்பட்டிருந்தது. கொழுந்தைக் கொட்டி வேலையை நிறுத்தியதற்காக வருந்துவதாகப் பதினொரு பேரும் காலையில் பெரட்டுக் களத்தில், வேலைக்குப் பெயர் கொடுக்கும்போது, கையெழுத்திட வேண்டும். இடாதவருக்கு வேலை இல்லை. “நான் கொண்டாந்து குடுக்குறவன்தான். என்னைய ஏசாதீங்க” என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

அம்மா அதை இரண்டு முறை வாசிக்கச் சொன்னார்.

“போட்டா என்னாகும்?”

“கொட்டினது நீங்கதான்னு நீங்களே ஒத்துக்கிட்டதாகும். பொறகு எப்பவாவது வேலைய விட்டு நிப்பாட்ட நெனைச்சா இந்தத் தாளே போதும்.”

“போடலன்னா?”

“நாளைக்கே வேலை இல்ல.”

அம்மா தலைவரை அழைத்தார். ஒலிபெருக்கியில் அவர் குரல் தெளிவாகக் கேட்டது. “போட்டுருங்க தங்கச்சி. நான் வந்து பேசிக்கிறேன்.” அம்மா “சரிங்கண்ணே” என்று சொல்லி வைத்தார். அடுப்புக்குப் போய்த் தேநீருக்குத் தண்ணீர் வைத்துவிட்டுத் திரும்பி வந்தார்.

“அவரு அங்க இல்லியே. கதவு பூட்டினத அவரு எங்க பாத்தாரு?” என்றார். பிறகு, “அந்தப் பத்திரிகைத் தம்பி காலையில போன் எடுப்பாரா?” என்று கேட்டார்.

மறுநாள் காலை ஆறரை மணிக்கு அம்மாவுடன் பெரட்டுக் களத்துக்குப் போனேன். செய்தியாளர் இரண்டாவது அழைப்பில் எடுத்தார். அம்மா முதலில் தன் முழுப்பெயரைச் சொன்னார். பிறகு மடுவத்தில் நடந்ததை ஒன்றன்பின் ஒன்றாக, குரலை உயர்த்தாமல் சொன்னார். அவருக்குப் பின் ஆறு பேர் பேசினார்கள். மற்ற நால்வரும் கடிதத்தில் கையெழுத்திட்டு வேலைக்கு மலை ஏறினார்கள். அவர்களை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பேசிய எழுவருக்கும் அன்று வேலை கொடுக்கப்படவில்லை. அவர்கள் சொன்னதை ஒரு கொப்பித் தாளில் எழுதி, அவர்களுக்கு வாசித்துக் காட்டி, கையெழுத்து வாங்கினேன். எட்டாவதாக, கண்ணால் கண்ட சாட்சி என்று குறிப்பிட்டு நானும் கையெழுத்திட்டேன். தாளைப் படம் பிடித்துச் செய்தியாளருக்கு அனுப்பிவிட்டு, தாளுடன் பஸ் ஏறிப் பதுளைக்குப் போய், அதைத் தொழிலாளர் முறைப்பாடுகளை ஏற்கும் அரசின் தொழில் அலுவலகத்தில் கொடுத்துப் பற்றுச்சீட்டு வாங்கினேன்.